அம்மா வர்ற இடம்

காலையில் பல் விளக்கும்போதெல்லாம் எனக்கு சினிமா ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள். வெள்ளைப் பற்பசை வாசனை மூக்கில் ஏறினால் நான் நேராக மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த டிவிடி கடைக்குப் போய்விடுகிறேன். கீறல் விழுந்த டிஸ்க்கை அங்கே பற்பசை போட்டுத்தான் தேய்ப்போம். ஜெல் உதவாது, வெள்ளைதான். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் கொஞ்சநஞ்சம் ஓடுகிற படமும் போயிற்று. இந்த வித்தை கையில் இருக்கும் தெம்பில் அப்போது நான் ஒரு டாக்டர் மாதிரி நடமாடியிருக்கிறேன்.

கடை முதலாளியை எல்லோரும் மாமா என்போம். போட்டுக் காட்டாமல் ஒரு டிஸ்க்கைக் கையில் கொடுக்க மாட்டார். "எந்த எடம் வேணும், சொல்லு" என்பார். சிலர் சண்டை கேட்பார்கள், சிலர் பாட்டு. போலீஸ்காரர் ஒருவர் எப்போதும் அழுகைக் காட்சிதான் கேட்பார்; பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே பைக்கை எடுப்பார். எந்த இடத்தைக் கேட்கிறார் என்பதை வைத்தே ஆளை எடைபோட்டுவிடலாம் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. இன்னமும் உண்டு.

எங்கள் வீட்டுக்கும் ஒரு இடம் இருந்தது. அது அம்மா வர்ற இடம்.

கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டில் ஒரு படத்துக்குப் பாட்டு எடுத்தார்கள். கதாநாயகி கூடையோடு நடந்து போக வேண்டும். வழியை மறித்துக்கொண்டு எங்கள் அம்மா சங்கரா மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். தள்ளி நிற்கச் சொன்னார்களாம். "மீன் வாங்காம நான் எங்கயும் போறதில்ல" என்று அம்மா நின்றுவிட்டாள். டைரக்டர் சலித்துப்போய் அப்படியே எடுத்துவிட்டார். படம் ஊத்திக்கொண்டது. ஆனால் அந்தப் பாட்டில் எங்கள் அம்மா மீன்காரியிடம் ஏதோ சொல்லிவிட்டு, கேமராப் பக்கம் திரும்பி, புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு சிரிப்பாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். எங்களுக்கு அதுதான் படம்.

அந்தப் படத்தின் டிஸ்க் கடைக்கு வந்த அன்று மாமா யாரையும் கேட்காமல் அந்த இடத்தைத்தான் போட்டார். "உங்கம்மாவுக்கு நான் விக்க மாட்டன்டா, எடுத்துக்கினு போ" என்று கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அது ஓடும். அம்மாவும் வெட்கப்படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவள் வாய் திரையில் அசையும்போது, இங்கே உட்கார்ந்தபடியே சரியாக அதோடு சேர்ந்து சொல்வாள்: "செவுளத் தூக்கிக் காட்டு, அப்புறம் வெலையச் சொல்லு." ஒரு நாள்கூட முன்னே பின்னே ஆனதில்லை. வந்தவர்கள் சிரிப்பார்கள். நாங்களும் முதல் தடவை கேட்பதுபோல் சிரிப்போம்.

இப்போது நாங்கள் சிதம்பரத்தில் இருக்கிறோம். மாமா கடை இருந்த இடத்தில் பிரியாணி போடுகிறார்கள், நன்றாகவே போடுகிறார்கள். வீடு மாறும்போது என் மனைவி சுமதி டிஸ்க் பெட்டியைக் காலால் தள்ளி, "எல்லாம்தான் போன்லயே வருது, இந்தக் குப்பைய வேற தூக்கணுமா?" என்றாள். "போன்ல வர்றது வாடகை வீடு. வீட்டுக்காரன் எப்ப வேணா காலி பண்ணச் சொல்லுவான்" என்றேன். அவள் நம்பவில்லை. பெட்டியை நானே தூக்கினேன். இன்றைக்கும் அதே பேச்சுதான் பேசுவேன். கையில் இருப்பதுதான் நம்முடையது.

அம்மா போய் ஒரு வருஷம் ஆனதற்குப் போன ஞாயிற்றுக்கிழமை படையல் போட்டோம். கம்மாபுரத்திலிருந்து அக்கா வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், "அம்மா வர்ற எடத்தப் போடுடா தம்பி" என்றாள். அம்மாவுக்குப் போட்டோ உண்டு. ஆனால் கல்யாண வீடுகளில் வீடியோ லைட் பக்கம் வந்தாலே சமையல்கட்டுக்கு ஓடிவிடுவாள். அவள் நடந்து, திரும்பி, சிரிப்பது அந்தப் பாட்டில் மட்டும்தான்.

நான் எழுவதற்குள் சுமதி போனிலிருந்து டிவியில் போட்டுவிட்டாள். படம் என்னவோ பளிச்சென்று இருந்தது. கதாநாயகி கூடையை எடுத்தாள், அடுத்த காட்சியில் கோர்ட்டில் நின்றாள். தள்ளிப் பார்த்தோம், பின்னால் இழுத்துப் பார்த்தோம். பாட்டே இல்லை. நீளம் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் போல.

"அம்மாவ வெட்டிட்டாங்களாடா?" என்றாள் அக்கா. அவள் குரல் எனக்குத் தாங்கவில்லை.

டிஸ்க் பெட்டியையும் பழைய பிளேயரையும் இறக்க நான் பரணில் ஏறினேன். சுமதியே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள், அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. பிளேயரின் தட்டு வெளியே வர மறுத்தது. ஓட்டைக்குள் சேப்டி பின்னை விட்டு நெம்பினேன், வந்தது. டிஸ்க்கைப் போட்டால் மார்க்கெட் வாசலில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இரு, டாக்டர் இருக்கேன்ல" என்று குளியலறையிலிருந்து பற்பசையை எடுத்து வந்தேன். நடுவிலிருந்து விளிம்புக்கு, நேராக. கழுவி, பழைய பனியனால் துடைத்து, மறுபடி போட்டேன்.

ஓடியது. வாசல் தாண்டியது. மீன் கூடைகள் வந்தன. சங்கரா மீனைக் கையில் பிடித்தபடி அம்மா வந்தாள். நான் சுமதியைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். ஜெயித்தவன் பார்வை.

அம்மா மீன்காரியைப் பார்த்து வாயசைத்தாள். திரும்பினாள். சிரித்தாள்.

"சத்தம் வையிடா தம்பி, அம்மா சொல்றது கேக்கல" என்றாள் அக்கா.

பின்னால் இழுத்து மறுபடி போட்டு, ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனேன். பாட்டுதான் கூடியது. முழுக்க வைத்தும் பாட்டுதான். அப்புறம்தான் அக்கா டிவியை விட்டுவிட்டு மூலையில் இருந்த அம்மாவின் நாற்காலியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த வார்த்தைகள் டிஸ்க்கில் எப்போதுமே இருந்ததில்லை. இத்தனை வருஷமும் அவை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தன.