கடைசிக் கீமோவும் துவாதசி நெல்லிக்காயும்

அன்றைக்குக் கடைசிக் கீமோ. மார்பகப் புற்றுநோய்க்காரி எவளாவது ஆஸ்பத்திரிக்குப் போக இப்படிப் பறந்திருப்பாளா தெரியாது, நான் பறந்தேன். விடிவதற்குள் குளித்து, மொட்டைத் தலையில் பட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு தயாராகிவிட்டேன். இன்றோடு தொலைந்தது சனியன் என்று சமையலறையில் நின்று சத்தமாகவே சொன்னேன்.

என் கணவர் மட்டும் கிளம்பவில்லை. அவருக்கு வேறு கிறுக்குப் பிடித்திருந்தது. வைட்டமின் சி புற்றுநோயைக் கரைத்துவிடும் என்று செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டதிலிருந்து ஃப்ரிட்ஜ் முழுக்க நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை. எனக்கோ கீமோவால் வாயெல்லாம் புண். ஒரு சொட்டு நெல்லிச்சாறு பட்டாலே உயிர் போகும். சொன்னால் கேட்டால்தானே?

போதாக்குறைக்கு அன்று துவாதசி. ஸ்ரீரங்கத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் ஏகாதசிப் பட்டினியை மறுநாள் காலை நெல்லிக்காயும் அகத்திக்கீரையும் சேர்த்துச் சாப்பிட்டுத்தான் முடிப்போம். மனிதர் அதையும் இதையும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

"பெருமாளே பாத்து உன் கீமோவை இந்த நாள்ல கொண்டு வந்து வெச்சிருக்கார். இனிமே ஊசி வேண்டாம்டி, இதுவே போதும்," என்றார், சாறு நிரம்பிய டம்ளரை நீட்டியபடி.

எனக்கு வந்ததே கோபம்! பெருமாள் நெல்லிக்காயை மட்டும்தான் படைத்தாரா, டாக்டரைப் படைக்கவில்லையா என்று கத்திவிட்டு, வாசலுக்கு ஆட்டோவை வரவழைத்து ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகரும் நேரத்தில் அவரும் ஓடிவந்து ஏறினார். காவிரிப் பாலம் நெடுக அவர் பக்கம் திரும்பாமல் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் காற்று முகத்தில் அடித்தபோது எனக்கு வாய்விட்டுப் பாட வேண்டும்போல் இருந்தது.

புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடமும் வைட்டமின் சி பற்றிக் கேட்காமல் அவர் விடவில்லை. அந்த அம்மாவும் பொறுமையாகச் சொன்னார். பழமும் காயும் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதுதான், சிலவகைப் புற்றுநோய் வராமலிருக்கக்கூட உதவலாம். ஆனால் வந்த நோயை வைட்டமின் சி குணமாக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. நரம்பில் அதிக அளவில் ஏற்றிப் பார்க்கும் ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது, அது கீமோவுக்குப் பதில் ஆகாது. சிகிச்சைக்கு நடுவில் மாத்திரையாக அள்ளிப் போட்டால் மருந்தின் வேலையையே கெடுக்கக்கூடும், அதனால் தன்னைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்.

என் கணவர் முகம் சுண்டிப் போயிற்று. நர்ஸ் என் கையில் ஊசியை ஏற்றியதும் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"ஒவ்வொரு தடவையும் நீ படற பாட்டைப் பாக்க முடியலடி. அதான், வேற வழி ஏதாவது இருக்காதான்னு..."

காலையிலிருந்து இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது.

"பாக்க முடியலேன்னா கண்ணை மூடிக்கோங்கோ. ஆனா பக்கத்துல உக்காருங்கோ. எனக்கு இன்னும் நிறைய நாள் உங்களோட சண்டை போடணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருந்துப் பாட்டில் காலியாகும்வரை கண்ணை மூடவே இல்லை.