வித்தியாசம் தெரியக் கூடாது

பல்லம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. அவள் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டர்களுக்குப் பல் செய்து கொடுப்பவள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், போட்டோக் கடையின் மாடியில் இருக்கிற பல் லேப்பில் இருபத்தொரு வருடமாக வேலை. ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள் என்றால் அதில் இவள் கைவேலையும் கொஞ்சம் இருக்கும். அவர்களில் ஒருவருக்கும் இவளைத் தெரியாது என்பது வேறு விஷயம். பல்லம்மா என்று பெயர் வைத்தது லேப் முதலாளி. அதுவே நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

வேலை இப்படி: டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். கூடவே ஒரு சீட்டு வரும். வயது, ஆணா பெண்ணா, பல்லின் நிறம், வடிவம் எல்லாம் அதில் இருக்கும். நிறத்துக்கு எண் உண்டு. ஏ1 என்றால் விளம்பரத்தில் சிரிப்பவர்களின் வெள்ளை. ஏ3 என்றால் டீயும் காப்பியும் குடித்துக் கொஞ்சம் மங்கிப்போன, நம்மில் பலருக்கும் இருக்கிற நிறம். சீட்டின் அடியில் எல்லா டாக்டரும் ஒரே வரியைத்தான் எழுதுவார்கள்: பக்கத்துப் பல்லோடு வித்தியாசம் தெரியக் கூடாது. அந்த ஒரு வரிக்காக இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "பாத்த உடனே கட்டின பல்லுன்னு தெரிஞ்சா அது பல்லு இல்ல, கடை போர்டு" என்பாள்.

கல்யாணம் முப்பத்து நாலு வயதில்தான் நடந்தது. வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். ஊரை மேலே ஏற்றி இறக்குகிறவர், வீட்டில் சத்தமே வராத மனிதர். பிள்ளை இல்லாமல் ஒன்பது வருடம் ஓடியது. மூன்று ஆஸ்பத்திரி, வயிற்றில் எண்ண முடியாத ஊசி, நான்கு முறை கருமுட்டை எடுத்தார்கள். கடைசி முறை கிடைத்தது இரண்டே இரண்டு. இரண்டும் கருவாகி மூன்றாம் நாள் வளர்ச்சி நின்றுபோனது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "கர்ப்பப்பை நல்லா இருக்கு. முட்டைக்குத்தான் வயசாயிடுச்சு. வேற ஒரு பொண்ணோட முட்டை, உங்க வீட்டுக்காரர் அணு, உங்க வயிறு. அப்படின்னா வாய்ப்பு இருக்கு. பழைய மாதிரியே இன்னொரு தடவை செஞ்சு பாக்கலாம்னு நான் சொல்லமாட்டேன்."

வயசாயிடுச்சு என்ற வார்த்தை மட்டும்தான் பல்லம்மாவின் காதில் விழுந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வீட்டுக்காரர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, சரி என்று அவளே சொன்னாள். ஆனால் ஒரு நிபந்தனை. காதும் காதும் வைத்த மாதிரி முடிய வேண்டும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தங்கச்சியிடம் மூச்சு விடக் கூடாது.

"பிள்ளைகிட்டயுமா?" என்று கேட்டார் அவர்.

"பிள்ளைகிட்டதான் முக்கியமா."

அவர் கழுவிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினார். ஆனால் ஆஸ்பத்திரி ஃபார்மில் கையெழுத்துப் போடவில்லை. கேட்டால் நாளைக்கு என்பார். இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் ஓர் அடி நகராது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதை விட்டால் இந்த மாதம் முட்டை கொடுக்க வந்திருக்கிற பெண்கள் வேறு தம்பதிகளுக்குப் போய்விடுவார்கள். இவர்கள் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். நாற்பத்து மூன்று வயதுக்காரிக்கு வரிசையில் நிற்க எத்தனை வருடம் மிச்சம்?

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், பல்லுக்கு வார்த்த மெழுகு ஆறுவதற்குள் அவளே ஃபார்மை நிரப்பினாள். எந்த மாதிரிப் பெண் வேண்டும் என்று கேட்டிருந்த பக்கத்தைக் கடகடவென்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, போனில் படமெடுத்து அனுப்பிவிட்டாள். அவர் கையெழுத்தை எப்படியாவது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள். சின்னப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அக்கா, ஃபார்ம் பாத்தேன். ஒரு சந்தேகம். தோல் நிறம்னு இருக்கற இடத்துல ஏ3ன்னு போட்டிருக்கீங்களே, அது என்னக்கா?"

பல்லம்மாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"முக வடிவம்னு கேட்டதுக்கு, சதுரம், ஓரம் கொஞ்சம் தேய்ஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்து மேஜையில் அச்சு வார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

"கடைசியா ஒண்ணுக்கா. குறிப்புன்னு இருக்கற இடத்துல, வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு இருக்கு. எதுக்கும் எதுக்கும் வித்தியாசம்க்கா?"

சிரிப்பு நின்றது. நர்ஸ் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஃபார்மில் எழுத வேண்டுமே என்று கேட்டாள். வேறு ஃபார்ம் அனுப்பச் சொல்லிவிட்டுப் பல்லம்மா போனை வைத்தாள்.

கை கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றாள். இருபத்தொரு வருடப் பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டது, சரிதான். ஆனால் கை பொய் எழுதவில்லையே. அவள் மனசில் இருந்ததைத்தானே எழுதியது? பிள்ளை வேண்டும் என்று ஒன்பது வருடம் அழுதவள், கடைசியில் தன் வாயில் விழுந்த ஓட்டையை அடைக்க ஒரு பல்லுக்குச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறாள். பல் ஒன்றும் கேட்காது. யார் செய்தார்கள் என்று கேட்காது. பிள்ளை பேசும். கண்ணாடி பார்க்கும். அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. பயமாகவும் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் கையில் கிரீஸோடு வந்தார். அவர் சோப்புப் போட்டுக் கழுவி முடிக்கும்வரை பொறுத்திருந்து, நடந்ததைச் சொன்னாள். ஏ3க்கு அவரும் சிரித்தார். மற்றதுக்குச் சிரிக்கவில்லை.

"ஏங்க, நீங்க ஏன் கையெழுத்துப் போடல? நேரா சொல்லுங்க."

"பொய் சொல்லி வளக்க எனக்குத் தெரியாதும்மா. என் மூஞ்சியில எழுதி ஒட்டிடும். பத்து வயசுல கண்டுபிடிச்சிட்டா, நாம ரெண்டு பேருமே அதுக்கு யாரோ ஆயிடுவோம்."

"சொன்னா மட்டும்? ஒருநாள் கோவத்துல, நீ எங்கம்மாவே இல்லன்னு சொல்லிடுச்சுன்னா?"

"சொல்லும். நானும் எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன். சைக்கிள் வாங்கித் தரலன்னு. அவங்க வயித்துல பொறந்தவன்தான் நான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊருக்குத் தெரிஞ்சிடும்னு இல்லங்க. அம்மாவையும் சமாளிச்சுக்குவேன்" என்றாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது. "எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. யார்கிட்டயும் சொல்லல. கல்யாணமான வருஷத்துலேருந்து மனசுக்குள்ள இருந்தா. என் மூக்கு, எங்கப்பா நெத்தி. பஸ்ல போறப்ப அவகிட்ட பேசிக்கிட்டே போவேன். ஸ்கூலுக்குத் தலை பின்னி விடுவேன். ஒவ்வொரு தடவை ஊசி போட்டப்பவும், இந்தத் தடவை வந்துடுவான்னு நினைச்சேன். இதுல கையெழுத்துப் போட்டா அவ வரமாட்டா. எப்பவும் வரமாட்டா."

வீட்டுக்காரர் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார். ஒன்பது வருடம் ஒரே வீட்டில் ஒரு பெண் வளர்ந்திருக்கிறாள், தனக்குத் தெரியவில்லை. அவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

"என்ன பேரு வெச்சிருந்தே?"

அவள் அவர் காதோரம் குனிந்து சொன்னாள். வாய்விட்டு அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு, செத்துப்போனவர்களுக்கு அழுவது போலவே அழுதாள். அவர் தடுக்கவில்லை. விளக்கைப் போடக்கூட எழுந்திருக்கவில்லை.

அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்தாள். புது ஃபார்ம் போனில் வந்திருந்தது. அவர் கீழே கடைக்குப் போய்த் தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். ரத்த வகையை எழுதினாள். நிறம், உயரம், முகம் எல்லாவற்றையும் காலியாக விட்டாள். குறிப்பு என்ற இடத்தில், பிள்ளைக்குச் சொல்லித்தான் வளர்ப்போம் என்று எழுதி, பேனாவை அவரிடம் நீட்டினாள். அவர் போட்டார். அவளும் போட்டாள்.

"நல்ல பேருதான்" என்றார் அவர், தாளை மடித்துக்கொண்டே. "பொண்ணு பொறந்தா அதையே வெச்சிடலாமா?"

"வேண்டாங்க" என்றாள் பல்லம்மா. "அது அவளோடது. வர்றது வேற ஆளு. அதுக்குன்னு ஒரு பேரு வேணும்."