பன்னிரண்டு மெகாபிக்சலில் இசக்கி

என் டிஜிட்டல் கேமராவை இனி அட்டைப்பெட்டிக்குள் வைப்பதில்லை என்று இன்று காலை நெடுநேரம் ஆலோசித்து முடிவு செய்தேன்.

உடனே வந்து நின்றான் இசக்கி. சுங்குவார்சத்திரத்தில் என் அறைத்தோழன். திருநெல்வேலியில் அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். போட்டோ அனுப்ப வேண்டும்.

போட்டிருந்தது அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் நீலச் சட்டை. நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் நீலம். ஒப்பந்தக்காரனான இவனுக்குச் சாம்பல்.

"பக்கத்து ரூம்ல வாங்குனேன்ணே. சாம்பலப் பாத்தா பொண்ணு தரமாட்டாவ."

மொட்டைமாடியில் நிற்கவைத்து எடுத்தேன். மீசையின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. இந்த நெடுஞ்சாலையில் எந்த ஸ்டூடியோவும் இப்படி எடுத்ததில்லை. மின்னஞ்சலில் அனுப்பினோம்.

மாலையில் பெண்ணின் அண்ணன் பேசினார். இசக்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"படம் நல்ல தெளிவா இருக்கு தம்பி. என்ன கேமரா?"

அதற்கு நானே விரிவாகப் பதில் சொன்னேன்.

"பெருசாக்கிப் பாத்தோம். பாக்கெட்டுக்கு மேல செல்வகுமார்னு தச்சிருக்கே, அது யாரு?"

இசக்கிக்குப் பொய் வராது. "பக்கத்து ரூம்காரரு. நம்ம ஊருதான். பெர்மனெண்ட்."

"அவருக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"இன்னும் இல்ல."

செல்வகுமாரின் ஜாதகத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.