நான் வேண்டாமென்ற சேவல்

நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் நான் சூப்பர்வைசர். என் பொறுப்பில் முப்பதாயிரம் கோழிகள். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை. மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். இதுவரை ஒரு கோழியைக்கூட எனக்கு அடையாளம் தெரியாது.

வேலையில் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பண்ணை ஆட்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது. வெளிக்கோழியைத் தொட்டால் மூன்று நாள் ஷெட்டுக்குள் வரக் கூடாது. நோய்க்குப் பயந்து போட்ட விதி, நியாயமானதுதான். நானும் போட்டுவிட்டேன். அப்போது என் வீட்டில் ஒரு கிளிமூக்கு விசிறிவால் சேவலும் இரண்டு பெட்டைகளும் இருந்தன.

இது கண்காட்சிக்கென்றே வளர்க்கும் நாட்டு இனம். பெயரே பாதி விதிமுறை. மூக்கு கிளிக்கு இருப்பதுபோல் குட்டையாக வளைந்திருக்க வேண்டும். வால் நீண்டு விசிறிபோல் விரிய வேண்டும். கண் வெள்ளையாகவும் கொண்டை சின்னதாகவும் இருந்தால் நல்லது. என் சேவலுக்கு வால் இருந்தது, மூக்கு இல்லை. பெட்டை ஒன்றுக்கு மூக்கு இருந்தது, வேறு எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே குஞ்சில் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே மூன்றையும் அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். கல்யாணமாகி அந்தப் பக்கம் போய் இருபது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை.

"கொழம்புக்கு ஆகுமா ஆகாதா, அதை மட்டும் சொல்லு சாமி," என்றாள்.

"ஆகாதுக்கா."

"அப்பறம் எதுக்கு ஊட்டுல?"

விளக்கினேன். பேசி முடிக்கும்வரை ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கோழிகளைக் கொல்லைக்குக் கொண்டுபோனாள்.

அதன் பிறகு நான் கோழி வளர்த்தது போனில். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீடியோவில் ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துக் காட்டுவாள். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று நான் சொல்வேன். வால் வளர ஆரம்பித்ததும் தையல் டேப்பால் அளந்து சொல்வாள். இடுப்பளவு சொல்லும் அதே குரலில்தான் சொல்வாள்.

இரண்டாம் வருஷக் கடைசியில் ஒரு ஈட்டில், அதாவது ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளில், கீரிப்பிள்ளை நிறத்தில் ஒரு சேவல் வந்தது. நான்கு மாதமாகியும் அதன் மூக்கு உளி மாதிரி நேராகவே இருந்தது. வேண்டாம் என்றேன்.

"கொஞ்ச நாள் பாக்கலாமே," என்றாள் அக்கா. "நடையைப் பாருடா, நல்லா நிமிந்து நடக்குது."

"நடைக்கெல்லாம் மார்க் இல்லக்கா. மூக்கு வராது. கறிக்குப் போட்டுரு."

மறுவாரம் கறி எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கொஞ்சம் அழுத்தமாத்தான் இருந்துச்சு. குக்கர்ல ஆறு விசில் உட்டேன்."

நான் வைத்துக்கொள்ளச் சொன்ன குஞ்சுகள் வளர்ந்தன. ஒன்றுக்கு வால் ஒரு சாணோடு நின்றது. ஒன்றுக்கு மூக்கு நன்றாக வளைந்தது, ஆனால் ஒரு பக்கமாக வளைந்தது. இந்த வருஷம் கண்காட்சிக்கு எதுவும் தேறாது என்று அக்காவிடம் சொன்னேன். சரி என்றாள்.

கண்காட்சி தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தின் மைதானத்தில் நடந்தது. கோழி இல்லாவிட்டாலும் போனேன். விதியில் தொடக் கூடாது என்றுதான் இருந்தது. பார்ப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு, கையைப் பேன்ட் பையில் விட்டபடி ஒவ்வொரு வரிசையாக நடந்தேன். காலில் கயிறு கட்டிய சேவல்கள் சாமியானாவின் கீழ் வரிசையாக நின்றன.

மூன்றாவது வரிசையில் ஒரு கீரிச்சேவல். தூரத்திலிருந்தே அதன் நிமிர்வு தெரிந்தது. கிட்டே போனால் மூக்கு, குட்டையாக, நெற்றியிலிருந்தே இறங்கி வளைந்திருந்தது. வால் தரையைத் தொடாமல் விரிந்து நின்றது. ஐந்து நிமிஷம் நின்றுவிட்டேன். நான் இத்தனை நாள் மனசில் வைத்திருந்த சேவல் இதுதான். வேறு யாரோ அதைச் செய்துவிட்டார்கள்.

"இது யாருதுங்க?" என்று கேட்டேன்.

சேவலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தினார். அக்கா. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்க்கப் போட்டா எனக்குத் தெரியாதாக்கும்," என்றாள். ஒரு சுளையை நீட்டினாள்.

"ஆறு விசில்னியேக்கா," என்றேன்.

"அது கடையில வாங்குன கோழி. இவனுக்கு ஏழாவது மாசம் மூக்கு எறங்க ஆரம்பிச்சுது. நீ வாரேன்னு சொல்ற அன்னிக்கெல்லாம் பக்கத்து ஊட்டுல கட்டிப்போடுவேன். சொன்னா, மறுபடி அதைக் கழி இதைக் கழின்னுதான் சொல்லியிருப்ப."

நடுவர் வந்தார். மூக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், வாலை அளந்தார். அக்கா தன் தையல் டேப்பால் முன்பே அளந்து வைத்திருந்த அளவும் அவர் அளவும் ஒன்றாகவே இருந்தன. "தாய் தகப்பன் தேர்ந்தெடுத்தது யாருங்க?" என்று கேட்டார்.

அக்கா என்னைக் காட்டினாள். "இவந்தாங்க. இந்தச் சேவல வேண்டாம்னு சொன்னதும் இவந்தாங்க."

நடுவர் காலைப் பார்ப்பதற்காகச் சேவலைத் தூக்கினார். அது சிறகடித்துத் திமிறியதில் கயிற்று முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அடுத்த வரிசைச் சேவலின் மேல் பாய இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. பிடித்துவிட்டேன்.

மூன்று வருஷத்தில் அடையாளம் சொல்லக்கூடிய ஒரு கோழியை நான் தொட்டது அப்போதுதான். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அதனுடையதும். அக்கா மறுபடி முடிச்சுப் போட்டு முடித்த பிறகும் அதை என் கையிலிருந்து உடனே வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒரு டேபிள் ஃபேன், அக்கா பேரில் ஒரு சான்றிதழ்.

மறுநாள் காலை பண்ணை கேட்டுக்கு வெளியிலேயே நின்று, பண்ணையின் கால்நடை டாக்டருக்குப் போன் செய்து, வெளிக்கோழியைத் தொட்டதைச் சொன்னேன்.

"சொல்லாம இருந்திருக்கலாமேய்யா," என்றார் அவர்.

"சொல்லலைன்னா உள்ள போகோணுங்களே."

மூன்று நாள் லாரிப் பக்கம் முட்டை ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கச் சொன்னார்கள். முதலாளியும் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கோழிக உங்களுதுங்களா?"

பொய் சொல்லப்போகிறேன் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். "எங்க அக்காளுதுங்க," என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. முதலாளி தலையாட்டிவிட்டு அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் அக்காவிடம் இதைச் சொன்னேன். தையல் மிஷின் சத்தம் நின்றது.

"வேற யாருதுன்னு நெனச்ச?" என்றாள்.

அடுத்த ஈட்டுக்கு அந்தச் சேவலோடு எந்தப் பெட்டையை விடுவது என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். ஒன்பது முட்டையை நேற்றே அடை வைத்துவிட்டதாகச் சொன்னாள், வேறொரு பெட்டையின் முட்டைகள்.