சவரியம்மாள் வீட்டு எட்டுக்கால் பூச்சிகள்

போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை. வேப்பங்குச்சியும் வாயுமாக வாசலில் நிற்கிறேன். பக்கத்து வீட்டுச் சவரியம்மாள் ஓர் இலந்தைக் கிளையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வருகிறாள். கிளை நடுவே அழுக்குத் துணியைச் சுருட்டிச் செருகியதுபோல் ஏதோ ஒன்று.

கிட்டப் போய்ப் பார்த்தேன். துணி அசைந்தது!

உள்ளே எட்டுக்கால் பூச்சிகள். ஒன்றல்ல, இரண்டல்ல... நூறு இருக்கும். துவரம்பருப்பு அளவில், சாம்பல் நிறத்தில், ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புரண்டுகொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"என்ன சவரியம்மா இது?"

"பூச்சிக்கூடு வாத்தியாரே. மாட்டுத் தொழுவுல கட்டப் போறேன். ஈயைப் பூராப் பிடிச்சுப்புடும். பொட்டிப்புரத்துல எங்க அப்பன் வீட்டுல எப்பவும் கட்டுவாக."

அவள் தொழுவத்தையும் என் படுக்கையறையையும் பிரிப்பது ஒரே ஒரு மண்சுவர். "இது ராத்திரி சுவரேறி என் பக்கம் வந்தால்?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுல ஈ இருந்தா வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சவரியம்மாளைப் பற்றி இரண்டு வார்த்தை. புருஷன் போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் பிழைப்பு ஒரு வண்டியும் இரண்டு காளைகளும். மலைமேல் பெரியாற்றில் அணை கட்டுகிறார்களே, அந்த வேலைக்குக் கூடலூர் வரைக்கும் சுண்ணாம்பு மூட்டை ஏற்றிப் போகிற வண்டி வரிசையில் அவளுடையதும் ஒன்று. ஓட்டுவதற்கு எங்கள் அனுமந்தன்பட்டிக்காரனே, சூசை என்று ஒருவன். இப்போது செவலைக் காளைக்குக் கழுத்தில் நுகத்தடி உரசிப் புண். ஈ மொய்த்து, புழு வைத்து, மாடு கழுத்தைத் தாழ்த்தவே பயப்பட்டது. மறு சனிக்கிழமை வண்டி மேஸ்திரி வந்து மாடுகளைப் பார்ப்பார். புண்மாடு என்றால் மலையடிவாரத்தில் படுத்துவிடும், அந்த வண்டியை வரிசையிலிருந்து தள்ளிவிட வேண்டியதுதான். அந்த இடத்துக்குக் காத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் புத்தி எங்கே போனது? கூட்டின் மேல் போனது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். எட்டுக்கால் பூச்சி என்றால் மூலைக்கு ஒன்றாகத்தானே இருக்கும்? இன்னொன்று பக்கத்தில் வந்தால் பிடித்துத் தின்றுவிடும். அதுதான் அதன் குணம். நூறு பேர் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்கிறார்கள் என்றால்... ஏதோ இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடச் சர்க்கிளில் நாலு வாத்தியார்கள் ஒரு மீட்டிங்கில் சண்டை போடாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். கையில் நோட்புக்கும் பென்சிலும். சவரியம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

ஒரு வெட்டுக்கிளி வந்து வலையில் விழுந்தது. முதலில் ஒரு பூச்சி ஓடிவந்து காலைக் கவ்வியது. பின்னாலேயே இன்னொன்று, இன்னும் நாலு. ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். வெட்டுக்கிளி துள்ளிய துள்ளலில் கூடே ஆடியது. யாரும் விடவில்லை. கடைசியில் அடங்கியதும் கூட்டுக்குள் இழுத்துப்போய், சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உனக்கு எனக்கு என்ற பேச்சே இல்லை. இழுக்கும்போது எட்டிப் பார்க்காத மூன்று பூச்சிகள் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து சேர்ந்தன. அவற்றையும் யாரும் கேள்வி கேட்கவில்லை!

வியாழக்கிழமையும் போனேன். ஒரு கடி, ஒரு முறைப்பு... ஊஹும். எனக்கு எரிச்சலாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தால், இடது கன்னத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். நெருப்பாய் எரிகிறது. அக்கி!

அக்கிக்கு எங்கள் பக்கத்தில் ஒரே வைத்தியம்தான். குயவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ள வேண்டும். காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதுவார்கள். மூன்று நாள், விடியற்காலையில். எங்கள் வேதக்கோயில் சாமியாருக்கு இது பிடிக்காது. அதனால் சந்து வழியாகப் போனேன்.

குயவர் வீட்டு வேளார் இறகைத் தோய்த்துக்கொண்டே கேட்டார்: "பூச்சி கீச்சி ஏதும் ஊந்துச்சா?"

வருகிற எல்லாரிடமும் அவர் கேட்கிற கேள்வி அது. ஆனால் என் தலைக்குள் பளிச்சென்று விளக்கெரிந்தது. அகப்பட்டுக்கொண்டாயா சவரியம்மா! நான் அன்றைக்கே சந்தேகப்பட்டேனே!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் வாசலில், கன்னத்தில் சிவப்புச் சிங்கத்தோடு நின்று எல்லாரிடமும் சொன்னேன். பொய் சொல்லவில்லை. "கூடு வந்தது, அக்கியும் வந்தது" என்றேன், அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது.

"பிள்ளைகுட்டி இருக்கிற தெரு இது!" என்றது ஒரு குரல்.

"வாத்தியாருக்கே வந்துருச்சே! படிச்சவுகளுக்கே இந்தக் கதின்னா நமக்கு?" என்றது இன்னொன்று.

பத்து நிமிஷத்தில் கூட்டம் சவரியம்மாள் தொழுவத்தில் நின்றது. ஒருவர் தொரட்டியால் கிளையை இழுத்தார். ஒருவர் வைக்கோல் கொண்டுவந்தார். ஒருவர் தீப்பெட்டி. எதுவும் செய்யாத ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க மட்டும் வந்தார்கள். அவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. நடுத்தெருவில் கூடு எரிந்தது. இவ்வளவு ஒற்றுமையை எங்கள் ஊரில் நான் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை.

சவரியம்மாள் என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள்: "மூணு நாளா ஈ இல்ல வாத்தியாரே. புண்ணு காய ஆரம்பிச்சிருந்துச்சு."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து இலைமுன் உட்கார்ந்தேன். என் சம்சாரம் சோற்றைப் போட்டுவிட்டு நின்றாள். அவள் அப்படி நின்றாலே எனக்குப் பயம்.

"ஏங்க, போன ஞாயித்துக்கிழமை செரைச்சுட்டு வந்து கன்னம் எரியுது எரியுதுன்னு கத்துனீகள்ல?"

"ஆமாம். சவரம் செய்தவன் கத்தியில் துரு. அன்றைக்கே திட்டித்தானே அனுப்பினேன்?"

"சவரியம்மா அந்தக் கிளையைக் கொண்டாந்தது என்னைக்கு?"

"புதன்கிழ..."

இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கூடு வருவதற்கு மூன்று நாள் முன்பே கன்னம் எரிந்திருக்கிறது. அப்போது சவரக் கத்தியின் மேல் சந்தேகம். பிறகு பூச்சியின் மேல் சந்தேகம். புதுச் சந்தேகம் வந்ததும் பழையதைச் சுத்தமாக மறந்துவிட்டேன். அவமானமாக இருந்தது. சொல்லிவிடலாமா? யாரிடம் போய்ச் சொல்வது? ஊரே கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கும் நேரம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். திங்கட்கிழமையும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் செவலை காலை உதறுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஈக்கள் திரும்பி வந்துவிட்டன. அவள் வேப்பெண்ணெயில் கற்பூரம் குழைத்துத் தடவிப் பார்த்தாள். தடவத் தடவ நக்கித் துடைத்தது பக்கத்து மாடு.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறிப் பொட்டிப்புரம் போனேன். சவரியம்மாளின் தம்பி என்னைக் கள்ளிவேலிப் பக்கம் கூட்டிப்போனான். அங்கே செடிக்குச் செடி கூடுகள். வெயில் ஏறினால் எல்லாப் பூச்சியும் உள்ளே போய்விடும், அப்போது வெட்டினால் ஒன்றும் சிதறாது என்று சொல்லி, ஒரு கிளையை வெட்டி ஈரத்துணி சுற்றினான்.

நான் சும்மா இருப்பேனா? "இவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறதே, உள்ளே ஒரு வில்லங்கமும் கிடையாதா?" என்று கேட்டேன்.

"இருக்கே" என்றான். "குஞ்சுகளுக்கு ஆத்தாக்காரி வாயிலருந்து கக்கிக் கக்கி ஊட்டுவா. குஞ்சு பெருத்துருச்சுன்னா கடைசியில ஆத்தாளையே தின்னுப்புடும்."

பார்த்தீர்களா! எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்! ஒரு நிமிஷம் பரம சந்தோஷம். "துரோகிகள்!" என்றேன்.

"ஆத்தா ஓடலையே வாத்தியாரே" என்றான் அவன். "கால் எட்டு இருக்கு. ஓடணும்னா ஓடியிருக்க மாட்டாளா?"

அவள் ஏன் ஓடவில்லை என்று வண்டியில் வரும்போது யோசித்து யோசித்துப் பார்த்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

கிளையைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவில் நான் நடந்தபோது கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கன்னத்துச் சிங்கம் பாதி உதிர்ந்துபோய், கையில் பூச்சிக்கூட்டோடு ஒரு வாத்தியார்... நானாயிருந்தாலும் சாத்தியிருப்பேன். சவரியம்மாள் விலகித் தொழுவத்துக்கு வழிவிட்டாள். நானே கட்டினேன். இந்தத் தடவை கொளுத்த வந்தால் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை.

சனிக்கிழமை மேஸ்திரி வந்தார். செவலையின் கழுத்தை அமுக்கிப் பார்த்தார். மாடு லேசாகச் சிலிர்த்தது.

"காயுது. இந்தத் திங்கக்கிழமை வேணாம். அடுத்த திங்கக்கிழமை கூடலூர்ல வண்டி நிக்கணும். நிக்கலைன்னா வேற ஆளு" என்றார்.

ஆறியது பூச்சியாலா, வேப்பெண்ணெயாலா? எனக்கு அதிலும் சந்தேகம்தான். ஆனால் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் வண்டிக்காரன் சூசை வந்து நின்றான்.

"நான் வண்டி பூட்ட மாட்டேன் ஆத்தா. அந்த மாட்டுமேல பூச்சி ஊந்திருக்கு. எனக்கு அக்கி வந்தா எம் பிள்ளைகளை யாரு பாப்பா?"

அப்போதுதான் சொன்னேன். கத்தி, ஞாயிற்றுக்கிழமை, புதன்கிழமை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சூசை பணிவாகக் கேட்டான். பிறகு தலையை ஆட்டினான்.

"பொம்பளை கஷ்டப்படுதேன்னு பாவம் பாத்துச் சொல்றீக. கோயில் வாசல்ல சொன்னதுதான் நெசம். ஊரு பூராக் கேட்டாகளே!"

அவன் போய்விட்டான். வேறு மூன்று பேரைக் கேட்டோம். மூன்று பேரும் அதையே சொன்னார்கள். பழி சொன்னால் ஒரே வார்த்தையில் நம்புகிறார்கள். இல்லை என்று சொன்னால் மட்டும் சாட்சி கேட்கிறார்கள்! என்ன ஜனங்கள் என்று கோபம் வந்தது. அவர்களை அப்படிப் பழக்கியதில் எனக்கும் பங்கு உண்டு என்பது கொஞ்சம் தாமதமாக ஞாபகம் வந்தது.

மாடு தேறிவிட்டது. மேஸ்திரியும் சரி என்றுவிட்டார். ஆனால் ஓட்ட ஆளில்லாமல் வண்டிக்கு வரிசையில் இடம் போகப் போகிறது. என்ன செய்ய?

சவரியம்மாள்தான் வழி சொன்னாள். "பேப்பர்ல போடுங்க வாத்தியாரே. பேப்பர்ல அச்சான சேதி பொய்யாயிருக்காதுன்னு நீங்கதான ஊருக்குச் சொல்லி வச்சிருக்கீக?"

ஆமாம், நான்தான் சொன்னேன். பூசை முடிந்ததும் மரத்தடியில் இந்தப் பேப்பரை ஊருக்குப் படித்துக்காட்டுகிறவனும் நான்தான். அதனால் எடிட்டருக்கு இன்றைக்கே தபாலில் அனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் இதழ் இங்கே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை படிப்பேன். திங்கட்கிழமை சூசை வண்டி பூட்ட வேண்டும்.

சூசை, மற்றும் தொரட்டி, வைக்கோல், தீப்பெட்டிக்காரர்களே! இது உங்களுக்காக அச்சில்: என் அக்கி அந்தக் கூட்டால் வந்ததில்லை. கூடு வருவதற்கு முன்பே வந்தது. தப்பு சவரியம்மாளுடையது இல்லை, அவள் மாட்டினுடையது இல்லை. சவரம் செய்தவர் கத்தியும் துரு இல்லை, போய்ப் பார்த்தேன். தப்பு என்னுடையது.

எழுதி முடித்ததைச் சவரியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். மனசு இளகியிருப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"எல்லாஞ் சரி. எனக்கு எழுத்துத் தெரியாது. மரத்தடியில நீங்க இதை மட்டும் தாண்டிப் படிச்சுட்டா நான் என்னத்தைக் கண்டேன்?" என்றாள்.

அப்படியே என் வீட்டுக்குள் போய், நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த என் சம்சாரத்தை ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி விரல் வைத்துச் சரிபார்க்கச் சொல்லிவிட்டாள். அவளும் மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டாள்!