உள்ளங்கையைப் பார்க்கிற ஊர்

இந்த ஊரில் குழந்தையைப் பார்க்க வருகிற பெண்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே வந்து மூடிய விரல்களைப் பிரித்து, உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். திருப்போரூருக்கு வந்த முதல் வாரத்திலேயே ஏழெட்டுப் பேர் என் மகனுக்கு இப்படிச் செய்துவிட்டார்கள். கைரேகை பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். "ஜாதகமெல்லாம் எழுதியாச்சு, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று அடுத்த வீட்டுக் குப்பம்மாவிடம் வெடுக்கென்று சொன்னேன். அவளுக்கு என் வயதுதான். இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பினாங்கில் இதைப் படிக்கும் தோழிகளே, உங்களுக்கு என் திமிர் தெரியும். அங்கே வாத்தியாராக இருந்த என் கணவருக்குச் சொந்த ஊரில் வேலை கிடைத்ததும், இரண்டு மாதக் குழந்தையோடு கப்பலேறினோம். பெட்டியில் ஒரு டைம்பீஸும் ஓர் அட்டையும் பத்திரமாக வந்தன. அட்டை, பிரசவம் பார்த்த நர்ஸ் பால் கொடுக்கும் மணிகளை எழுதிக் கொடுத்தது: ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து. நடுவில் அழுதால் தூக்கக் கூடாது, சில நாளில் படிந்துவிடும். அங்கே நான் அட்டையைப் பார்த்தேன். அம்மா குழந்தையைப் பார்த்தாள். நேரம் ஆகும் முன்பே தூக்கிவந்து மடியில் போடுவாள். திட்டிக்கொண்டே பால் கொடுப்பேன். இங்கே திட்ட ஆளில்லை. டைம்பீஸ் மட்டும் இருந்தது. அதையும் நான் திருத்தி வைக்கவில்லை. இந்த ஊரைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடும். அதில் நாலானால் அம்மா டீ போடுகிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

பங்குனி வெயில் கூரையைப் பிளந்தது. பத்து நாள் அழுதான். முஷ்டியை வாயில் திணித்தான், தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினான். நான் டைம்பீஸ் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோராம் நாள் சத்தமில்லை. கை விரிந்து, கண் பாதி மூடிக் கிடந்தான். படிந்துவிட்டான் என்று அம்மாவுக்குப் பெருமையாகக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

அப்போதுதான் குப்பம்மா கேட்காமல் உள்ளே வந்தாள்.

"நேத்து வரிக்கும் அயுதுகினு இருந்துச்சி. இன்னிக்கி சத்தமே காணோம். அதான் ஓடியாந்தேன்."

"நல்லாத் தூங்குறான்" என்றேன்.

அவள் தன் விரலை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் பிடிக்கவில்லை. கையைத் தூக்கி விட்டாள்; தொப்பென்று விழுந்தது.

"பசிச்சா கை மூடும். வவுறு ரொம்பினா வுடும், ஆனா வெரல வெச்சா புடிச்சிக்கும். இது புடிக்கவே இல்லியே, பெனாங்கம்மா! உச்சியப் பாரு, குயி வுயுந்து கீது. எப்போ பால் குட்த்தே?"

"பத்து மணிக்கு. இனி ரெண்டு மணிக்குத்தான்."

"மணியப் பாத்தா குட்த்தே?"

அவள் கோபப்படவில்லை. பயந்துபோயிருந்தாள். அதைப் பார்த்துத்தான் அவனை அள்ளி எடுத்தேன். மார்பில் வைத்தேன், உறிஞ்ச அவனுக்குத் தெம்பில்லை. தன் குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, குப்பம்மா பால் புகட்டும் சங்கை எடுத்துக்கொண்டு என்னைச் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு இழுத்துப் போனாள். சேதி கேட்ட என் கணவர் பள்ளிக்கூடத்து வாசலில் சாக்பீஸ் தூளோடு ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

என்னிடம் பால் வற்றியிருந்தது. முந்தானைக்குள் அவள் தன் பாலைச் சங்கில் பீய்ச்சினாள். வேறு ஒருத்தியின் பாலா என்று என் மனம் ஒரு கணம் தயங்கியது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். சொட்டுச் சொட்டாக விட்டாள். முதலில் கடைவாயில் வழிந்தது. "முயுங்குடா ராசா, முயுங்கு." வழியெல்லாம் நான் அவன் தொண்டையையும் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். மணி என்ன என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொண்டை ஒரு முறை அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. செங்கல்பட்டு ஏரி கண்ணில் பட்டபோது, என் விரலைச் சுற்றி அந்தச் சின்ன விரல்கள் மூடின. பிறகு ஈனஸ்வரத்தில் அழுதான். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்க நானும் சத்தம் போட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், கடைசியாக எப்போது துணி நனைத்தான் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அட்டையில் அதற்கு இடமில்லை. ஆறு நாள் வைத்திருந்து பிழைக்க வைத்து அனுப்பினார்.

நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன். அவள் அட்டைதான் கொடுத்தாள், கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அந்தக் கடிதத்தை முடிக்கவே இல்லை. இதைப் படித்துவிட்டு, இந்த முறை அவள் என்னைத் திட்டட்டும்.

இப்போது குழந்தைகளைக் கண்டால் என் விரலும் உள்ளங்கைக்குத்தான் போகிறது. டைம்பீஸுக்குத் தினமும் சாவி கொடுக்கிறேன், இன்னும் திருத்தவில்லை. அதில் நாலு ஆகும்போது மனசால் பினாங்கில் அம்மாவின் அடுப்படியில் போய் நிற்பேன். டீ கொதிக்கிற வாசனைகூட வரும். மடியில் பசித்து இவன் விரல்கள் மெல்ல மூடும். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலே திரும்பி வந்துவிடுவேன்.