அக்காவின் கிட்டாரும் அப்பாவின் கடிகாரமும்

விழுப்புரம் ரயில்வே காலனியில் எங்கள் வீட்டுக்குள் கிட்டார் நுழைந்தது யுத்த காலத்தில். அடுத்த லைனில் இருந்த, நாங்கள் சட்டைக்காரர் என்று சொல்லும் ஆங்கிலோ-இந்திய எஞ்சின் டிரைவர் குடும்பம் மாற்றலாகிப் போகும்போது, அவர் மகள் தன் பழைய கிட்டாரை என் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வேகமாக வாசிப்பதற்கு ஒரு வழியும் சொல்லியிருந்தாள். கடிகாரம் 'டக்' என்றால் ஒரு மீட்டு. அது பிசிறில்லாமல் வந்த பிறகு அதே 'டக்'குக்குள் இரண்டு, அப்புறம் மூன்று, நான்கு.

அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்கு ஒன்பது. கிறிஸ்துமஸ் அன்று கோவிலில் வாசிப்பதாகப் பாதிரியாரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகுமுன் தினமும் ஒரு மணி நேரம் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்துவிடுவாள். உடைந்த சீப்பில் நறுக்கிய துண்டால் தந்தியைக் கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, கீழே, மேலே. விரல் நுனிகள் கொப்பளித்து, பிறகு காய்த்துப்போயின. எனக்குக் காது புளித்துப்போனது.

மூன்றோடு நின்றுவிட்டாள். நான்கு வரவில்லை.

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கினு போனா வந்துடும்டி. இந்தக் கடியாரம் ஒரே மாதிரி அடிச்சிக்கினு கீது, நான் இன்னா பண்றது?" என்று கண்கலங்கினாள்.

பெண்டுலத்தின் அடியில் உள்ள திருகாணியை ஏற்றினால் கடிகாரம் வேகமாக ஓடும் என்று ரிப்பேர்க்காரர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஸ்டூல் போட்டு ஏறித் தினமும் ஒரு திருகு திருகினேன். பத்தே நாளில் அக்காவுக்கு நான்கு வந்துவிட்டது! அந்தத் திருகலால் 'டக்'கில் காதுக்கு எட்டும் வித்தியாசம் எதுவும் வராது. வந்ததெல்லாம் அக்காவின் விரலால் வந்தது. நானோ எல்லாம் என் கைங்கரியம் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பெருமையை யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தேன்.

கடிகாரம் மட்டும் நாளுக்கு நாலு நிமிஷம் முந்திக்கொண்டு ஓடியது. ஞாயிறுதோறும் அப்பா சாவி கொடுத்து ஸ்டேஷன் மணிக்குச் சரிசெய்வார். சனிக்கிழமைக்குள் அது மறுபடி எங்கேயோ போய்விடும்.

அப்பா பாசஞ்சர் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். அந்த வருஷம் டிரைவர் வேலைக்கு அவர் பெயர் மேலிடத்துக்குப் போயிருந்தது. ஒரு நாள் தாமதமாகப் போனாலும் பெயரை அடித்துவிடுவார்கள் என்று அம்மா எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா வாசித்த வேகத்தில் பாதிரியார் வாய் பிளந்தார். திரும்பும் வழியில் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், எங்கள் கடிகாரம் இருபது நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. தப்புக் கடிகாரத்தால் அப்பா வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? யாரும் இல்லாத நேரம் பார்த்து முள்ளைப் பின்னால் தள்ளிச் சரியாக வைத்து, திருகாணியையும் இறக்கிவிட்டேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அப்பா கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சாவகாசமாகச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இன்னாங்க, ஒக்காந்துகினே கீறீங்க? மணி ஆவலியா?" என்றாள் அம்மா.

"இன்னும் இருவது நிமிஷம் கீது. நீ வாசிம்மா, நேத்து கோயில்ல வாசிச்சதை."

அக்கா வாசித்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் விரலால் தட்டியபடி கேட்டார். அவர் அப்படி உட்கார்ந்து கேட்டு நான் பார்த்ததே இல்லை.

ஃபயர்மேன் இல்லாமல் எஞ்சின் நகருமா? பாசஞ்சர் இருபது நிமிஷம் தாமதம். மத்தியானத்துக்குள் அப்பா திரும்பி வந்துவிட்டார். டிரைவர் வேலைக்குப் போயிருந்த பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள்.

"கடியாரத்தப் பாத்துக்கினுதானே ஒக்காந்துனு இருந்தீங்க!" என்று அம்மா அழுதாள்.

"கடியாரம் இன்னிக்கி கரெக்டா ஓடியிருக்குதும்மா. அதான் பேஜாராப் போச்சி" என்றார் அப்பா.

அம்மா அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா அப்புறம் டிரைவர் ஆகவே இல்லை. திண்டிவனம் ஸ்டேஷனில் நிற்கும் எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். அங்கேயே ரிட்டையர் ஆனார்.

அப்பா தன்னிடம் சொல்லியிருந்ததை, அவர் இறந்த பிறகுதான் அக்கா என்னிடம் சொன்னாள். நான் ஸ்டூல் மேல் ஏறி நின்றதை அப்பா முதல் வாரமே பார்த்துவிட்டாராம். "அவ வாசிக்கட்டும், இவ திருகட்டும், நான் கழிச்சிக்கினு போய்க்கிறேன்" என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டாராம். தினமும் கடிகாரம் எவ்வளவு முந்துகிறது என்பதை மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறார். அந்தச் சனிக்கிழமையும் கழித்திருக்கிறார். கேட்டபோது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

ஆனால் அந்த மத்தியானம், அம்மா அழுதுகொண்டிருந்தபோது, நான் மாட்டிக்கொள்ளவில்லை என்பது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. சந்தோஷமாக வெளியே விளையாட ஓடிவிட்டேன்.